ஒன்பதாவது பாடத்தின் பதினோராம் நிமிடம்

எங்கள் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு ஆங்கிலம் பாதி திரையில், பாதி வகுப்பறையில். திரையில் வருகிற பாதி என் கணவர். வகுப்பறைக்கு வருகிற பாதி நான்.

அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. ஆனாலும் வேலையிலிருந்து நிற்கவில்லை. செவ்வாய்க்கிழமை மாலைக்குள் மாணவர்கள் அவருடைய வீடியோவைப் பார்த்து முடித்துவிட வேண்டும். புதன்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டர் ஹெல்மெட்டோடும் பாதி தின்ற முட்டை ரொட்டியோடும் என் வகுப்புக்கு வந்து, பார்த்ததை வைத்துப் பேச வேண்டும். இதுதான் ஏற்பாடு. இந்தப் பிள்ளைகள் வண்டித் துறையிலும் சமையல் துறையிலும் படிக்கிறவர்கள். பள்ளிக்கூடத்திலேயே ஆங்கிலத்திடம் அடி வாங்கி வந்தவர்கள். என்ஜினைக் கழற்றிப் பூட்டத் தெரியும், முழு வாத்திலிருந்து எலும்பை உருவி எடுக்கத் தெரியும். ஆனால் "உன் பெயர் என்ன" என்று ஆங்கிலத்தில் கேட்டால் என் காலணியைப் பார்ப்பார்கள்.

என் கணவர் டெங் குவான்-யூ இருபத்து நான்கு பாடங்களையும் எங்கள் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்துதான் பதிவு செய்தார். பல்கலைக்கழகத்து ஸ்டுடியோவில் ஏசி சத்தம் அதிகம் என்று சாக்குச் சொன்னார். உண்மையில் அவருக்கு வீட்டுச் செருப்போடு பாடம் நடத்த ஆசை. ஒவ்வொரு கேள்வியையும் கேட்டதும் மேஜையை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டுவார். "அவசரமில்ல. நான் இங்கதான் இருக்கேன்" என்பார். பிறகு வாயை மூடிக்கொண்டு காமிராவைப் பார்த்தபடி இருபது விநாடி உட்கார்ந்திருப்பார். எதிரே யாரோ திக்கித் திக்கிப் பேசுவதுபோலத் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார்.

"இதென்ன கூத்து? வீடியோ நின்னுபோச்சுன்னு நினைச்சுப்பாங்க" என்று அப்போது சண்டை போட்டேன்.

"திக்குறவனுக்கு இருபது செகண்டே பத்தாது" என்றார். "வகுப்புல நீ காத்திருக்கியா? ஒருத்தன் வாயத் தெறக்குறதுக்குள்ள அடுத்தவன்கிட்ட போயிடுற."

நான் அப்படித்தான். எனக்குப் பொறுமை கிடையாது. எங்கள் வீட்டில் பொறுமை அவர் பங்கு, கோபம் என் பங்கு என்று பிரித்துக்கொண்டிருந்தோம். இப்போது இரண்டையும் நானே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஒன்று சரியாக வரவில்லை.

எங்கள் ஊரில் ஆசிரியரின் மனைவியை மாணவர்கள் ஷிமு என்று கூப்பிடுவார்கள். ஆசிரியம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் இருந்தவரை கேன்டீனில், பழக்கடையில், சிக்னலில் என எங்கே பார்த்தாலும் "ஷிமு, ஷிமு" என்று பிள்ளைகள் கையசைப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் அதே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்துகிறவள்தானே, எனக்கும் கதவில் பெயர்ப்பலகை இருக்கிறதே. "ஸு டீச்சர்னு கூப்பிடு" என்று திருத்துவேன். அவர் போனபிறகு வந்த பிள்ளைகளுக்கு நான் வெறும் ஸு டீச்சர். திரையில் வருகிற மனிதருக்கும் எனக்கும் என்ன உறவு என்று அவர்களிடம் நான் சொன்னதில்லை. எங்கள் ஊரில் பெண்கள் கணவர் பெயரைச் சேர்த்துக்கொள்வதில்லை. அதனால் யாருக்கும் தெரிய வழியும் இல்லை. கேட்ட வரம் கிடைத்துவிட்டது, இப்போது யாராவது ஒருத்தராவது ஷிமு என்று கூப்பிட மாட்டார்களா என்று இருந்தது.

டிசம்பர் முதல் வாரம் துறைத் தலைவர் பான் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நாற்பது வயதுக்காரர். டெங்கின் அறையில் அடுத்த மேஜையில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கியவர். நல்ல மனிதர்தான், ஆனால் எண்களைக் காட்டினால்தான் நம்புவார்.

விஷயம் எனக்கு முன்பே தெரியும். சந்திர புத்தாண்டுக்குப் பிறகு தொடங்கும் பருவத்துக்குப் புது வீடியோக்கள் வாங்கப்போவதாகப் பேச்சு. வண்ண வண்ணப் பின்னணி, சிரித்துக்கொண்டே இருக்கிற இளைஞர்கள், ஐந்து நிமிடத்துக்கு ஒரு விளையாட்டு. பழைய பாடங்கள் எதற்குப் பயன்படுகின்றன என்று பார்த்துவிட்டு முடிவெடுப்பார்கள். பருவ முடிவில் மாணவர்கள் நிரப்பும் கருத்துப் படிவத்தை நம்பிப் பிரயோஜனமில்லை. அதை நிரப்பினால்தான் மதிப்பெண் பார்க்க முடியும் என்பதால் மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டுவிட்டுப் போவார்கள். அதனால் பான் கணினியின் பதிவேட்டைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். யார் எந்தப் பாடத்தை எப்போது பார்த்தார்கள், எங்கே பின்னால் இழுத்து மறுபடி பார்த்தார்கள் என்று எல்லாமே அதில் இருக்கும்.

"ஸு டீச்சர், உட்காருங்க. இதப் பாருங்க" என்று திரையை என் பக்கம் திருப்பினார். முகமெல்லாம் பல். "மத்த பாடமெல்லாம் ஒரு நிமிஷத்துக்கு இருபது, முப்பது தடவை பின்னால போயிருக்கு. ஒன்பதாவது பாடம், பதினோராவது நிமிஷம், இந்தப் பருவத்துல மட்டும் நானூத்திப் பன்னெண்டு தடவை. வகுப்புல இருக்கறதே நாப்பத்தி மூணு பேரு. நான் எங்கயும் இப்படிப் பார்த்ததில்ல."

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"டெங் சார் எதையோ பண்ணியிருக்காரு அதுல. வீடியோவத் தூக்க வேண்டாம், விட்டுடலாம். நீங்க ரெண்டு பக்கத்துக்கு எழுதிக் குடுங்க, பிள்ளைங்க ஏன் அங்கயே திரும்பத் திரும்பப் போறாங்கன்னு. ஜனவரியில அமைச்சகத்துலேர்ந்து வர்றாங்க, அவங்ககிட்டயும் காட்டலாம். மத்த துறைக்காரங்களும் கேக்கறாங்க."

பதினோராம் நிமிடத்தில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்பதில்லை. அது எனக்கு மனப்பாடம். டெங் மேஜையைத் தட்டிவிட்டுக் காத்திருக்கிறார். அப்போது திரைக்கு வெளியேயிருந்து ஒரு பெண் குரல் எரிச்சலோடு, "கஞ்சி ஆறுது. வர்றதா இல்லையா?" என்கிறது. திரையின் ஓரத்தில் என் முழங்கை தெரிகிறது. அவர் என் பக்கம் திரும்பி, "நீ சாப்பிடு. எனக்காகக் காத்திருக்காத" என்கிறார். பிறகு காமிராவைப் பார்த்துச் சிரிக்கிறார். "அது உங்க ஷிமு. இப்ப அவங்க என்னைக் கேட்டதை ஆங்கிலத்துல எப்படிக் கேப்பீங்க? கோபம் கொறையக் கூடாது. சொல்லுங்க பாப்போம்." மறுபடி இரண்டு தட்டு. மறுபடி இருபது விநாடி. கடைசியில் பதிலையும் அவரே சொல்கிறார், என்னைப்போலவே குரலை உயர்த்தி. அந்தத் துண்டை வெட்டிவிடச் சொல்லி அன்று ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் வெட்டவில்லை.

ஒவ்வொரு ஆசிரியருக்கும் மாதிரி மாணவர் கணக்கு ஒன்று தருவார்கள். பாடத்தின் இணையப் பக்கம் மாணவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்று சரிபார்க்க. அதன் எண் பூஜ்ஜியம். ஆசிரியர் கணக்கில் நுழைந்தால் வீடியோ தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரியும், பக்கத்திலேயே 'நீக்கு' என்று ஒரு சிவப்புப் பட்டன் வேறு. மாணவர் கணக்கில் நுழைந்தால் அவர் முகம் திரை முழுக்க வரும். அதனால் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மேஜையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, பூஜ்ஜியம் எண் மாணவியாக நுழைந்து, அவர் "நீ சாப்பிடு" என்றதும் சாப்பிடத் தொடங்குவேன். முதலில் செவ்வாய்க்கிழமை மட்டும் என்றுதான் வைத்திருந்தேன். அக்டோபருக்குப் பிறகு எல்லா நாளும் செவ்வாய்க்கிழமை ஆகிவிட்டது. ஒரு வாய்க்கு ஒரு தடவை பின்னால் இழுத்த நாளும் உண்டு.

அந்த மாணவியையும் கணினி எண்ணிக்கொண்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இருபத்தாறு வருடம் பாடம் நடத்தியவளுக்கு இவ்வளவுதான் அறிவு.

சும்மா இருந்துவிட்டால் போதும், அவர் வேலையில் நீடிப்பார். யாருக்கும் நஷ்டமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் புதன்கிழமை வகுப்பில், போகிறபோக்கில் கேட்பதுபோலக் கேட்டேன்.

"ஒன்பதாவது பாடம் யாரெல்லாம் ஒழுங்கா பாத்தீங்க? மதிப்பெண்ணுக்கு இல்ல, சும்மா கேக்கறேன்."

கடைசி வரிசையில் ஒருவன் கையைத் தூக்கினான். "டீச்சர், உண்மையைச் சொல்லலாமா?"

"சொல்லு."

"டபுள் ஸ்பீடுல ஓடவிட்டுட்டு குளிக்கப் போயிடுவேன்."

வகுப்பே சிரித்தது. "அவன் குளிக்கறதே அன்னிக்கு மட்டுந்தான் டீச்சர்" என்றான் பக்கத்தில் இருந்தவன். யோ-சின் மட்டும் சிரிக்கவில்லை. வண்டித் துறையில் படிக்கிற பெண். வகுப்பு முடிந்ததும் டயர் கடைக்கு வேலைக்கு ஓடுகிறவள், நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு இருக்கும். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கோபத்தோடு புத்தகத்தைத் திறந்தேன். அன்றைக்கு ஒருவனையும் முழுவாக்கியம் சொல்லவிடவில்லை.

வீட்டுக்கு வந்து அவர் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றி, பிறைக்கட்டைகளை எடுத்தேன். இரண்டு மரத்துண்டுகள். கேள்வியைக் கேட்டுவிட்டுக் கீழே போட வேண்டும். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சரி என்று அர்த்தம். இரண்டும் குப்புற விழுந்தால் கூடாது. இரண்டும் மல்லாந்து விழுந்தால் மேலே இருப்பவர் சிரிக்கிறார், கேள்வியே சரியில்லை.

"சொல்லிடட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டுப் போட்டேன். சிரிப்பு. மறுபடி போட்டேன். சிரிப்பு. மூன்றாவது தடவையும் சிரிப்பு. உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான். ஒரு கேள்விக்கு நேரான பதில் சொல்லிப் பழக்கமில்லை, நானே தெரிந்துகொள்ளட்டும் என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கட்டைகளைத் தூக்கி டப்பாவில் போட்டுவிட்டு அழுதேன்.

அந்த இரண்டு பக்கத்தை எழுதவும் உட்கார்ந்தேன். பிள்ளைகள் ஏன் திரும்பத் திரும்ப அங்கே போகிறார்கள் என்று முதல் வரி எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. குளிக்கப் போகிறவனுக்குப் பதிலாக நான் பார்த்ததை, அவன் கற்றுக்கொண்டதாக எழுத வேண்டும். அவர் வகுப்பில் ஒருவரும் காப்பியடித்து எழுத முடியாது. அவர் பெயராலேயே நான் காப்பியடிப்பதா என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் பானின் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன்.

"பூஜ்ஜியம் எண் கணக்கு என்னோடது. அதை எடுத்துட்டு எண்ணிப் பாருங்க."

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு புரிந்தது. கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி எதையோ தட்டினார். ரொம்ப நேரம் தட்டினார். முகத்தை எனக்குக் காட்டாமல் இருப்பதற்காகத் தட்டினாரோ என்னவோ.

"அறுபத்தொண்ணு" என்றார். "மத்ததவிடக் கொஞ்சம் கூடத்தான். ஆனா..."

"ஆனா அமைச்சகத்துக்குக் காட்ட முடியாது."

"முடியாது, ஸு டீச்சர்." பிறகு, "இருபத்து நாலு பாடத்தையும் பென்டிரைவ்ல போட்டுத் தர்றேன். உங்ககிட்டயே இருக்கட்டும். எப்ப வேணும்னாலும் பாத்துக்கலாம்" என்றார்.

நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

"அவரை மேஜை டிராயர்ல வைக்கச் சொல்றீங்களா? இப்ப அவருக்குச் செவ்வாய்க்கிழமை வகுப்பு இருக்கு, பான். பிள்ளைங்க இருக்காங்க. வீட்ல நான் கூப்பிடறேன், வேலையா இருக்கேன் நீ சாப்பிடுங்கறாரு. டிராயர்ல இருக்கறவரு வேலையாவா இருப்பாரு?"

பான் எழுந்து போய் எனக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். டெங்கும் எதற்கும் பதில் தெரியாதபோது தேநீர்தான் ஊற்றுவார், அந்த அறையில் கற்றுக்கொண்ட பழக்கம். குடித்துவிட்டு வந்தேன். மறுவாரமே புது வீடியோவுக்குக் கையெழுத்தாகிவிட்டது. பென்டிரைவை பான் ஒரு உறையில் போட்டு என் பெட்டியில் வைத்திருந்தார். நான் பிரிக்கவில்லை.

ஜனவரியில் வாய்மொழித் தேர்வு. நான் முன்மேஜையில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொருவராக எதிரே வந்து உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேச வேண்டும். மற்றவர்கள் பின்வரிசைகளில் தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். வெளியே அந்த வாரம் முழுக்க மலைக்காற்று. ஜன்னல் கண்ணாடி நடுங்கிக்கொண்டிருந்தது.

முதலில் வந்தவன் சமையல் துறை. காலையில் என்ன செய்தாய் என்று கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் மேஜையை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டினான். பயத்தில் கை நடுங்குகிறது என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துவிட்டு மெதுவாக ஒரு வாக்கியம் சொன்னான். அதில் பிழை இருந்தது. ஆனால் அது முழு வாக்கியம்.

இரண்டாவது வந்தவளும் தட்டினாள். மூன்றாமவன், அந்தக் குளிக்கப் போகிறவன், அவனும் தட்டினான். அவன் தட்டு மட்டும் வேகமாக இருந்தது, டபுள் ஸ்பீடில். தட்டிவிட்டு அவனும் காத்திருந்தான், யோசித்தான், சொன்னான். செப்டம்பரில் என் காலணியைப் பார்த்த பிள்ளைகள். ஒருத்தரும் "தெரியாது டீச்சர்" என்று எழுந்து ஓடவில்லை. ஆறாவது ஆள் தட்டியபோது என் பேனா நின்றுவிட்டது. இது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. நான் யாருக்கும் இருபது விநாடி கொடுத்ததில்லை.

ஏழாவதாக யோ-சின். டயர் கடையில் ஆங்கிலம் பேசச் சந்தர்ப்பம் உண்டா என்று கேட்டேன். தட்டினாள். காத்திருந்தாள். பிறகு ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, தன் முதலாளி மதியம் சாப்பாட்டுக்கு வரவே மாட்டார் என்றும், தினமும் தான் அவரைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்வதாகவும் சொன்னாள். அந்த வாக்கியத்தையும் சொன்னாள். கஞ்சி ஆறுகிறது, வருகிறீர்களா இல்லையா. கோபம் குறையாமல் சொன்னாள். தான் திட்டுவதாக நினைத்து முதலாளி உடனே வந்துவிடுகிறார் என்று முடித்தாள்.

பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. தேர்வில் எங்கள் மொழியில் பேசக் கூடாது என்பது நானே போட்ட விதி. அதை நானே மீறினேன்.

"இது யாருகிட்டக் கத்துக்கிட்ட?"

"தட்டுறது டெங் சார்கிட்ட" என்றாள் யோ-சின். "இந்த வாக்கியம் உங்ககிட்டதான், ஷிமு. கேட்டது நீங்கதானே."

பேனாவைக் கீழே வைத்தேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். பாடம் வந்த வாரமே தெரியும். டபுள் ஸ்பீடுல கேட்டாலும் உங்க குரல் உங்க குரல்தான். நிஜமாவே நீங்கதானான்னு திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டோம்."

"ஏன் யாரும் சொல்லல?"

"நீங்க சொல்லலையே" என்றாள். "அதான் நாங்களும் சொல்லல. நெட்ல தேடிப் பாத்தோம். சார் இறந்த சேதி இருந்துச்சு."

அறுபத்தொன்று. அமைச்சகத்துக்குக் காட்ட முடியாது என்று பான் சொன்ன, நானும் ஒத்துக்கொண்ட அந்த அறுபத்தொன்று இதுதான். அடுத்த பருவம் அவர் வரமாட்டார் என்று இவர்களிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். அதற்கு முன் தேர்வை முடிக்க வேண்டும், அடுத்த கேள்வி தாளில் இருக்கிறது. வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. இருபத்தாறு வருடத்தில் முதல்முறையாக வகுப்பில் எனக்குப் பேச்சு நின்றது. தாளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், என் கண்ணாடியில் எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

யோ-சின் கறுப்பேறிய விரலை மடக்கி, மேஜையில் என் பக்கமாக இரண்டு முறை தட்டினாள்.

"அவசரமில்ல, ஷிமு" என்றாள். "நாங்க இங்கதான் இருக்கோம்."